கட்டுக்கரைப் பெட்டியின் மூன்றரை நாள்

புதன்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் எங்கள் ஓட்டோ நின்றுவிட்டது. காரணம் கழுதைகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. சாலையின் நடுவே, யாரையோ வழியனுப்ப வந்தவை போல, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஓட்டோக்காரர் நசீர் என்ஜினையே அணைத்துவிட்டார்.

“ஹோர்ன் அடிக்கலாமே” என்றேன்.

“அடிச்சா இன்னும் வடிவா நிக்கும், மிஸ். அதுகளுக்கு அது பாட்டு.”

ஏழு நிமிடம் கழித்து அவை தாமாகவே விலகின. அதையும் குறித்துக்கொண்டேன். எங்கே போனாலும் நாளும் மணியும் குறிப்பது என் பழக்கம். வீட்டில் ஒரு அலமாரி நிறைய நாட்குறிப்புகள் இருக்கின்றன. மழை பெய்த நாள், மின்சாரம் போன நேரம், படித்து முடித்த புத்தகம் என்று யாருக்கும் உதவாத செய்திகள். ஆனால் இந்தக் கட்டுரையில் தேதி எதுவும் எழுதப்போவதில்லை. கிழமையும் மணியும் போதும். நான் கோயம்புத்தூரிலிருந்து மன்னாருக்கு வந்ததே சில கிழமைகள் இடம் மாறிப் போனதால்தான்.

கதை இது. நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் வாய்க்கால்களில் தண்ணீர் உயரத்தை அளந்து பதியும் பெட்டிகளைச் செய்கிறது. பெட்டிக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை எழுதுவது என் பொறுப்பு. அப்படி ஒரு பெட்டி கட்டுக்கரைக் குளத்தின் ஒரு துருசுக்குக் கீழே இருக்கிறது. குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகை அங்கே துருசு என்கிறார்கள். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நள்ளிரவு என்று ஒரு நாளைக்கு நான்கு அளவு. மாதம் ஒருமுறை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் றெஜினா அதிலிருந்து ஒரு பட்டியல் அச்சிட்டு எடுப்பார்.

தை மாதப் பட்டியல் ஒரு மனிதரைத் திருடராக்கிவிட்டது. அவர் அருளப்பு, அந்தத் துருசைத் திறந்து மூடுகிறவர். காலபோகம் என்னும் மழைக்காலப் பயிரின் நெல்லுக்கான கடைசித் தண்ணீரை ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நிறுத்தும்படி சங்கம் சொன்னது. அவர் மூடிவிட்டு, திறப்பை, அதாவது சாவியை, றெஜினாவிடம் கொடுத்தார். பட்டியலிலோ வியாழன் காலை ஆறு மணி வரை வாய்க்காலில் தண்ணீர் ஓடியிருந்தது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்றரை நாளில் ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியென்றால் அருளப்பு கள்ளத் திறப்பு வைத்து, மேலே உள்ள தன் மனைவி வழிச் சொந்தங்களுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. எங்களுக்குத் தண்ணீரே வரவில்லை என்று மேல்வாய்க்கால்காரர்கள் சொன்னார்கள். சொந்தக்காரர் சொல்லை யார் கேட்பார்?

றெஜினா எனக்கு எழுதிய மின்னஞ்சலில் இன்னொன்றும் இருந்தது. ‘பெட்டியில் கை வைக்கவில்லை என்று மடுமாதா கோயிலில் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அதன் பிறகு எவரும் அவருக்காகக் கதைக்கவில்லை. சனிக்கிழமை, அடுத்து வரும் சிறுபோகப் பயிருக்கான கூட்டம். அவரை நீக்கும் தீர்மானம் முதலாவதாக வருகிறது.’

பெட்டியைக் கழற்றி அனுப்பச் சொல்லிக் கேட்டோம். முடியாது, பெட்டி ஊரை விட்டுப் போகாது, வேண்டுமானால் ஆள் வரட்டும் என்றார்கள். ஆள் வந்தேன்.

அந்தப் புதன் மாலை, உப்புக்குளத்தில் நசீர் மறுபடியும் வண்டியை நிறுத்தினார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. என்னைக் கேட்காமலே உள்ளே போய் இரண்டு கோப்பைகளோடு வந்தார். நோன்புக் கஞ்சி. எங்கள் ஊரில் குடித்திருக்கிறேன். இதில் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் தூக்கலாக இருந்தன.

“நீங்கள் நோன்பில்லைத்தானே, மிஸ்?”

“இல்லை.”

“அப்ப மெல்லமாக் குடிங்கோ. எனக்குத்தான் அவசரம்.”

இந்த வருடம் ரம்ழானும் தவக்காலமும் சேர்ந்தே வந்திருக்கின்றன என்று அவரிடம் சொன்னேன். “ஓம், ஊரே பட்டினி. இறைச்சிக்கடைக்காரன்தான் பாவம்” என்றார்.

வியாழன் காலை விடுதியில் இடியப்பமும் சொதியும். கொங்கு நாட்டுச் சந்தகைக்குத் தூரத்துச் சொந்தம். நாங்கள் தாளித்துக் கொட்டிக் கிளறிவிடுவோம். இவர்கள் அதை அப்படியே விட்டு மஞ்சள் நிறச் சொதியில் நனைக்கிறார்கள். ஒன்பது சாப்பிட்டேன். கழுதைகளின் எண்ணிக்கையோடு அது பொருந்தியது தற்செயல்.

பகலில் றெஜினாவின் அலுவலகத்தில், அவர்கள் சொல்லில் கந்தோரில், பழைய பட்டியல்களைப் பார்த்து முடித்தேன். றெஜினா முன்னால் போய்விட, நான் நசீரோடு குளத்துக்குக் கிளம்பினேன். பாதி வழியில், வாய்க்கால் கரைப் பாதையில், ஓட்டோவின் முன்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. நசீரும் நானும் தள்ளினோம். அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது. “நீங்கள் நடவுங்கோ மிஸ், நான் யாரையும் பிடிச்சு எடுக்கிறன்” என்றார். இருபத்திரண்டு நிமிடம் நடந்தேன். அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள். ஒரு பக்கம் குளத்துக் கட்டு வானத்தை மறைத்துக்கொண்டு போனது. நான் கற்பனை செய்து வைத்திருந்த குளத்தைவிட இது பெரிது. எங்கள் ஊரில் இதை ஏரி என்றுகூடச் சொல்லத் தயங்குவோம், கடல் என்றே சொல்லிவிடுவோம்.

துருசடியில் மூன்று பேர் நின்றார்கள். றெஜினா கையில் ஒரு திறப்பு. கீழ்வாய்க்கால்காரர்களின் சார்பில் வந்த சீமான்பிள்ளை கையில் இன்னொரு திறப்பு. அறுபது தாண்டியவர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். பழி வந்த பிறகு பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு தரப்பு இல்லாமல் மற்றத் தரப்பு திறக்க முடியாது. அருளப்பு சற்றுத் தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அவர் கையில் எதுவும் இல்லை.

“வாங்கோ பிள்ளை” என்றார் சீமான்பிள்ளை. “இந்தியாவில இருந்து வந்து சேந்தாச்சு. பெட்டி என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்கோ. கூட்டிக் குறைக்க வேண்டாம்.”

மாலை மூன்று ஐந்துக்கு இரண்டு பூட்டும் திறந்தன. எனக்கு முதல் பயம், என் கை பட்டே ஏதாவது மாறிவிடுமோ என்பதுதான். அதனால் பெட்டியின் கணினிச் சில்லை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, நினைவில் இருந்த எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு நகல் எடுத்தேன். இரண்டு தரம் எடுத்து ஒப்பிட்டேன். அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு கடைசி வரியைப் பார்த்தேன். அன்று வியாழன். கடைசி அளவு அன்று நண்பகல் எடுத்ததாக இருக்க வேண்டும். பெட்டியோ ஞாயிறு நள்ளிரவு என்றது. அதாவது, இன்னும் வராத ஞாயிறு.

றெஜினா எட்டிப் பார்த்தார். “இப்பிடி ஒரு வரியை நான் ஒரு நாளும் காணேல்லையே.”

“நீங்கள் மாதத்தின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை என்று கேட்டுத்தானே அச்சிடுகிறீர்கள். அதற்கு மேல் உள்ளதை அது காட்டாது.” அச்சிடும் நிரலும் என்னுடையதுதான்.

பெட்டி எங்கள் எல்லோரையும்விட மூன்றரை நாள் முந்தி வாழ்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு துல்லியமாக ஒரு பிழையை நான் பார்த்ததில்லை. ஆனால் எப்படி என்று தெரியவில்லை. பெட்டியை ஓடவிட்டு, உடனே ஒரு அளவு எடுக்கும்படி கட்டளை கொடுத்தேன். தண்ணீருக்குள் போகும் கம்பியின் இணைப்பில் பச்சை பிடித்திருந்தது. உயரத்தை அளக்கும் உணரியிடமிருந்து பதில் வரவில்லை. பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அதுவரை தள்ளி நின்ற அருளப்பு இரண்டு எட்டில் வந்து மின்கலத்தில் கை வைத்தார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“பாத்தீங்களே” என்றார் சீமான்பிள்ளை. “கை தானாப் போகுது.”

“எதற்கு எடுக்கப் போனீர்கள்?” என்று கேட்டேன்.

அருளப்பு என்னை விளங்காமல் பார்த்தார். “சிவப்பு எரியுது தானே, மிஸ். எரிஞ்சாக் கழட்டு, பத்து எண்ணு, பூட்டு. அப்பிடித்தானே நீங்கள் எழுதி வைச்சிருக்கிறியள்.”

மூடியின் உட்புறத்தைக் காட்டினார். எங்கள் நிறுவனம் ஒட்டியனுப்பிய தாள். ஐந்தாம் வரி: ‘சிவப்பு விளக்கு எரிந்தால் மின்கலத்தைக் கழற்றி, பத்து எண்ணி, மீண்டும் பொருத்தவும்.’ அந்த வரியை எழுதியவள் நான்.

“எத்தனை முறை கழற்றினீர்கள்?”

“தையில விடாத மழை. அந்த ரெண்டு கிழமையும் ஒரே சிவப்பு. நான் எண்ணேல்லை.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அதாலதான் மிஸ், சத்தியம் பண்ணேல்லை. பெட்டியில கை வைக்கேல்லை எண்டு மாதாட்டச் சொல்லச் சொன்னவை. நான் எப்பிடிச் சொல்லுற? வைச்சனான் தானே.”

“இதை ஏன் அப்பவே சொல்லேல்லை?” என்று றெஜினா கேட்டார்.

“சொன்னனான் தானே, கை வைச்சனான் எண்டு. அதோட எல்லாரும் எழும்பிப் போட்டியள்.”

நகல் பத்திரமாக இருந்ததால் எனக்குத் துணிவு வந்தது. “இப்போது கழற்றுங்கள்” என்றேன். வரிசை எண்ணை எல்லோருக்கும் மடிக்கணினியில் காட்டினேன். அவர் கழற்றினார். சத்தமாகப் பத்து எண்ணினார். பூட்டினார். பச்சை எரிந்தது. வரிசை எண் ஒன்று கூடியிருந்தது. ஒரு அளவும் எடுக்காமலே பெட்டி ஆறு மணிநேரம் முன்னே தாவியிருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: வியாழன், மூன்று ஐம்பத்திரண்டு.

இதை விளக்க வேண்டும். கணினி உலகில் நினைவு என்பது நெடுங்காலமாக இரண்டு சாதி. ஒன்று வேகமானது, மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மற்றது மெதுவானது, மறக்காது. அடிப்படை மென்பொருள் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே ஏற்றி இறக்கும் வேலைதான். தொடங்கும்போது எடுத்து வைப்பது, அவ்வப்போது சேமிப்பது, பாதியில் நின்றால் பழையபடி தொடங்குவது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று உலகமே நம்புவது, அந்த வேகமான நினைவு மறந்துவிடும் என்பதால்தான்.

இப்போது வேகமாகவும் மறக்காமலும் இருக்கிற புதிய நினைவகங்கள் வந்திருக்கின்றன. காந்தத்தால் எழுதுபவை, மின்தடையை மாற்றி எழுதுபவை, எங்கள் பெட்டியில் உள்ளதைப் போல் ஃபெர்ரோ வகைச் சில்லுகள். அவற்றோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு புதிய தலைவலி உண்டு. மின்சாரம் எந்தக் கணத்தில் போனாலும், பாதி செய்த வேலை பாதியாகவே நிலைத்து நிற்கும். எதை முதலில் எழுதினோம், எதைப் பிறகு எழுதினோம் என்பது உயிர்நாடியாகிவிடும். பெரிய கணினிகளிலும் இதே கதைதான். செயலி கடைசியாக எழுதியதைத் தன் பையிலேயே சற்று வைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், பின்னே எழுதியது நிற்க முன்னே எழுதியது காணாமல் போகும். இதற்காக இயங்குதளங்களையே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். இரண்டு கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

நாங்கள் முன்பு செய்த பெட்டியில் சாதாரண நினைவு. கழற்றிப் பூட்டினால் எல்லாம் மறந்து, கடிகாரத்தைப் பார்த்து, சரியான வரியில் எழுதத் தொடங்கும். புதிய பெட்டிக்கு மறதி இல்லை. தூங்கிய இடத்திலேயே விழிக்கும். அப்படியானால் தனிக் கடிகாரச் சில்லு எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டோம். ஆறு மணிநேரத்துக்கு ஒரு வரி, எத்தனையாவது வரி என்று தெரிந்தால் நாள் தெரிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. பெட்டி முதலில் வரிசை எண்ணை ஒன்று கூட்டும், பிறகு அளவைக் கேட்டு எழுதும், கடைசியாக ‘முடிந்தது’ என்று குறியிடும். அளவுக்குக் காத்திருக்கையில் மின்கலத்தைக் கழற்றிப் பூட்டினால், அந்த வேலையை முதலிலிருந்து தொடங்கும். கூட்டிய எண் அழியாமல் இருக்கும், அதன் மேல் இன்னொன்று கூட்டும். கோயம்புத்தூரில் மின்கலத்தை எத்தனையோ முறை பிடுங்கிச் சோதித்தோம். எல்லாம் பெட்டி தூங்கும்போது. மழையில் நனைந்த கம்பியோடு அது விழித்துக் காத்திருக்கும்போது பிடுங்கியவர் அருளப்பு ஒருவர்தான். பெட்டியை மாற்றினோம், நினைவகத்தை மாற்றினோம். தாளில் ஐந்தாம் வரியை மட்டும் பழையபடியே ஒட்டி அனுப்பினோம்.

சீமான்பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சரி பிள்ளை. இண்டைக்கு ஒருக்காத் துள்ளினதைக் கண்டன். தையில எத்தின தரம் துள்ளினது எண்டு உமக்கு ஆர் சொன்னது? இவர் எண்ணேல்லையாம்.”

நியாயமான கேள்வி. நாளை மறுநாள் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். இரண்டு பூட்டும் மறுபடியும் விழுந்தன.

விடுதிக்கு வந்து கணவாய்க் கறியை ஆறவிட்டுவிட்டு நகலைப் படித்தேன். ‘முடிந்தது’ என்ற குறி இல்லாத வரிகளைத் தேடினேன். தை மாதத்து இரண்டு வாரத்தில், அங்கங்கே, இருந்தன. எண்ணினேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் எண்ணினேன். பதினான்கு. பதினான்கு தாவல், நாளுக்கு நான்கு வரி, மூன்றரை நாள். ஞாயிறு மாலை ஆறு மணியோடு மூன்றரை நாளைக் கூட்டினால் வியாழன் காலை ஆறு. மறக்காத நினைவு என்பதால் வந்த வழக்கு. மறக்காத நினைவு என்பதால் சாட்சியும் உள்ளேயே இருந்தது. கறி ஆறித்தான் போயிருந்தது. அப்படியும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நசீர் தலைமன்னார் பார்க்கலாம் என்றார். பழைய துறைமுகப் பாலத்தின் பக்கம் மீனவக் குடும்பங்கள் வலையிலிருந்து சிறுமீன்களை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் கணவரிடம், “நேற்றுப் பிய்ச்ச வலையை இண்டைக்கும் நான்தான் பொத்தவேணுமோ?” என்று கேட்டார். அவர் கடலைப் பார்த்தபடி, “கடலிட்டக் கேள்” என்றார். கோயில் ஒலிபெருக்கியில் மாலைச் சிலுவைப்பாதைக்கான நேரம் அறிவித்தார்கள்.

கரையோரம் நடந்தபோது என் கைப்பேசி திடீரென்று இந்தியாவுக்கு வரவேற்றது. எதிர்க்கரையின் சமிக்ஞை. கடிகாரம் மாறவில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், என்னைப் போன்றவளுக்கு அது பெரிய ஆறுதல். வந்த செய்திகளில் ஒன்று எங்கள் மேலாளருடையது. ‘பதிவு சரிபார்க்கப்பட்டது, தேதிகள் திருத்தப்பட்டன என்று மட்டும் சொல்லவும். பிழை யாருடையது என்று பேச வேண்டாம்.’

மணலில் உட்கார்ந்து யோசித்தேன். தேதிகள் திருத்தப்பட்டன என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? அருளப்பு கை வைத்ததால் தேதிகள் கெட்டன, வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து திருத்தினார் என்றாகும். திருடர் என்ற பேர் போய்ப் பெட்டியைக் கெடுத்தவர் என்ற பேர் நிற்கும். துருசு அவர் கைக்குத் திரும்பாது.

“என்ன மிஸ், முகம் கறுத்துப் போச்சு? வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

“வீட்டில் இல்லை. ஒரு பிழையை யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டாம் என்கிறார்கள்.”

“ஆர் செய்தது?”

“நான்தான்.”

நசீர் சிரித்துவிட்டார். “அப்ப லேசு. வேற ஆளெண்டாத்தான் கஷ்டம்.”

சனிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்குக் கூட்டம் தொடங்கியது. ஒரு பொது மண்டபம், பிளாஸ்ரிக் கதிரைகள், எண்பது பேர் இருப்பார்கள். மேல்வாய்க்கால்காரர் இடப்பக்கம், கீழ்வாய்க்கால்காரர் வலப்பக்கம். கலியாண வீட்டில் இரு வீட்டார் உட்காருவது போல. அருளப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் கதவடியில் நின்றார். யாரோ வெறுந்தேநீரும் பணிஸ் என்னும் பன்னும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் தொடவில்லை.

எழுந்து, முதல் வாக்கியமாகவே சொல்லிவிட்டேன். “பிழை எங்களுடையது. தாளில் அந்த வரியை எழுதியவள் நான். அருளப்பு அண்ணன் நான் எழுதியதைத்தான் செய்தார்.”

பெட்டி மறக்காது என்பதை விளக்கினேன். நடுவில் ஒருவர், “எங்கட வீட்டிலயும் ஒண்டு மறக்காமக் கிடக்கு” என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து, “வீட்டுக்கு வாங்கோ, இண்டைக்கு” என்று பதில் வந்தது. மண்டபம் சிரித்தது. பதினான்கு குறியில்லாத வரிகளைச் சொன்னேன். திருத்திய பட்டியலைக் காட்டினேன். அதில் ஞாயிறு மாலை ஆறு மணியோடு தண்ணீர் நின்றது.

சீமான்பிள்ளை எழுந்தார். “உந்தப் பட்டியலை நீர் நேற்றிருந்து எழுதியிருக்கலாம், பிள்ளை. கோவிக்க வேண்டாம். நான் ஒண்டு கேக்கிறன். வாய்க்கால் காஞ்ச பிறகு ஒரு மழை பெய்தது. ஒரே ஒரு மழை. எண்டைக்கு எண்டு நான் சொல்லமாட்டன். உம்மட பெட்டி சொல்லட்டும்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மழையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மாசி மாதத்து வரிகளைத் திரையில் ஓட்டினேன். வாய்க்கால் காய்ந்து, ஒரே அளவு, ஒரே அளவு, ஒரே அளவு. பிறகு ஒரு இடத்தில் நான்கு விரல் உயர்ந்து மறுபடியும் இறங்கியிருந்தது.

“பழைய பட்டியலில் திங்கள் நள்ளிரவு” என்றேன். “மூன்றரை நாளைக் கழித்தால் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நண்பகல். தவக்காலத்தின் முதல் வெள்ளி.”

பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழும்பினார். சீமான்பிள்ளையின் மனைவி என்று றெஜினா என் காதில் சொன்னார்.

“சரிதான். வெள்ளி மத்தியானம்தான். றோட்டில நெல்லுக் காயப் போட்டுக் கிடந்தது. நெல்லை மூடப் படங்கு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவர். நெல்லெல்லாம் நனைஞ்சு முளைக்கிற நேரம்தான் திரும்பி வந்தவர்.”

இந்தச் சிரிப்பில் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டன. சீமான்பிள்ளை அது அடங்கும் வரை நின்றார். பிறகு கதவடியைப் பார்த்துத் திரும்பினார்.

“அருளப்பு.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“நான் கேட்ட சத்தியம் பிழை. தண்ணி களவெடுத்தனியோ எண்டு கேட்டிருக்கவேணும். பெட்டியில கை வைச்சனியோ எண்டு கேட்டுப்போட்டன்.”

“அதைக் கேட்டிருந்தா அண்டைக்கே மடுவுக்கு வந்திருப்பன்” என்றார் அருளப்பு.

“தெரியும். இப்பத் தெரியும்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு நான் மடுவுக்குப் போறன். பொய்ப்பழி சொன்னவன்தான் மாதாவுக்கு முன்னால முழங்கால்ல நிக்கவேணும்.”

தீர்மானம் வாக்குக்கு வரவில்லை. றெஜினா மேசை இழுப்பறையைத் திறந்து துருசுத் திறப்பை எடுத்தார். அருளப்பு வந்து வாங்கி, மேற்சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் பூட்டினார். பிறகு வலப்பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, கீழ்வாய்க்கால்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். யாரும் விலகவில்லை. எனக்குப் பசித்தது. இரண்டு பணிஸ் சாப்பிட்டேன். மேலாளருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன்.

ஞாயிறு காலை நான் மடு றோட் நிலையத்தில் ரயில் பிடிக்க வேண்டும். அந்த வழிதான் என்பதால் சீமான்பிள்ளையையும் நசீரே ஏற்றுவதாக ஏற்பாடு. ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது, வெள்ளைச் சட்டையில் அருளப்பும் நின்றார்.

“நீ ஏன்?” என்று சீமான்பிள்ளை கேட்டார்.

“உங்களைத் தனிய விட்டா மாதாட்ட வேற என்ன சொல்லுவியளோ தெரியாது.”

பின்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம், நான் ஓரத்தில், என் பை மடியில். காடு தொடங்கியது. பிறகு சீமான்பிள்ளை, சிறுபோகத்தில் முதல் முறைத் தண்ணீரைக் கீழேயிருந்து தொடங்க வேண்டும் என்றார். வாய்க்கால் நனையாமல் கீழே எப்படிப் போகும் என்று அருளப்பு கேட்டார். அது உன்ர மனிசியின்ர ஆக்கள் சொல்லித் தந்த கதை என்றார் அவர். அண்ணை, நீங்கள் போன வருசம் மூண்டு நாள் முறையை நாலு நாளா இழுத்தனியள் என்றார் இவர். குரல்கள் உயர்ந்தன. நசீர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, அவர்களுக்காக வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

நிலையத்தில் நான் இறங்கியதை இருவரும் கவனிக்கவே இல்லை. ஓட்டோ திரும்பி மடுப் பாதையில் போகும்போது, சீமான்பிள்ளையின் கை வெளியே நீண்டு, காற்றில் ஒரு வாய்க்காலை வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. அருளப்பின் கை அதை மறித்தது.